மேசைமேல் திறந்து கிடந்த நோட்டு

போன வாரம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வாயனசாலைக்கு லைப்ரேரியனாக வந்திருக்கும் பெண். பொது நூலகத்தை நாங்கள் மலையாளத்தில் சொல்வதுபோல வாயனசாலை என்றுதான் சொல்வோம். கம்ப்யூட்டர் பகுதியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். "ஏனுங்க மாஷே, இந்த நெட் நோட்டுல ஒரு புள்ளை பேருகூட இல்லீங்களே. வெறும் நம்பரா இருக்குது. ஆருங்க இப்படி எழுதி வெச்சது?" என்று கேட்டாள். குரலில் லேசான கிண்டல். கிழவன் சோம்பல்பட்டுப் பேரை எழுதாமல் விட்டிருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

எனக்குச் சுருக்கென்றது. பேர் எழுதுவதில் என்னைப்போல ஒருத்தன் பாலக்காட்டு ஜில்லாவிலேயே கிடையாது. வினையே அதில்தான் வந்தது. இதைப் போனில் சொல்லி முடிக்க முடியாதம்மா, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு எழுதித்தானே ஆக வேண்டும்.

என் கதை அதிகமில்லை. முதலமடைப் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊர். அப்பாவுக்குத் தோப்பு இருந்தது. எனக்கு மரம் ஏறவும் வராது, வியாபாரியிடம் பேரம் பேசவும் வராது. இது எதற்கும் ஆகாது என்று பாலக்காட்டுக்கு அனுப்பி நூலகச் சான்றிதழ் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்து வாயனசாலை நாற்காலியில் உட்கார்ந்தவன் முப்பத்தோரு வருஷம் கழித்து எழுந்தேன். தமிழ்ப் புத்தகம் ஒரு பக்கம், மலையாளப் புத்தகம் ஒரு பக்கம், நடுவில் நான். ஒருநாள்கூட வாத்தியார் வேலை பார்க்காமலே ஊர் முழுக்க எனக்கு 'மாஷ்' என்று பேர்.

என்னிடம் இருந்த ஒரே சொத்து கையெழுத்து. மேலிடத்திலிருந்து வாயனசாலைக்குத் தரம் போட வருகிறவர்கள் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் பதிவேட்டைப் பார்ப்பார்கள். அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். குனிந்த தலைக்குள் எத்தனை கர்வம் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

பஞ்சாயத்தில் நாலு கம்ப்யூட்டர் கொடுத்து இணைய வசதியும் வைத்தபோது பிள்ளைகள் ஈ மொய்ப்பதுபோல வந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று பேப்பரில் படித்திருந்தேன். டெக்னீஷியன் வந்து கண்ட கண்ட தளங்கள் திறக்காதபடி பூட்டுப் போட்டுக் கொடுத்தார். அது போதாது என்று நான் புதிதாக ஒரு பதிவேடு தொடங்கினேன். சிவப்பு மையில் கோடு போட்டு, பிள்ளையின் முழுப் பேர், வகுப்பு, வீட்டுப் பேர், அப்பா அம்மா போன் நம்பர், எந்தக் கம்ப்யூட்டர், எந்தக் கிழமை எத்தனை மணி என்று ஆறு கட்டம். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அடுத்த நிமிஷம் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும் என்பது என் எண்ணம். எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம்தான் தேவகியக்கா எங்கள் வாயனசாலைக் கமிட்டிக்குச் செக்ரட்டரியாக வந்தார். போஸ்ட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தபாலாபீஸில் எத்தனை பேர் கௌண்டரில் நின்று கத்தினாலும் அக்கா முத்திரை குத்துகிற வேகம் மாறாது என்று சொல்வார்கள்.

வந்த முதல் நாளே கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். நாலும் சுவரோரமாக, திரைகள் சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தன. பிள்ளைகள் எங்களுக்கு எதிர்முகமாக உட்காருவார்கள். முகம்தான் தெரியும், திரை தெரியாது. நான் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். நான் எழும்போது நாற்காலி கிரீச்சிடும், பையன்கள் விளையாட்டை மூடிவிட்டுப் பாடத்தைத் திறப்பார்கள். அக்கா ஒரு மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மேசையைத் திருப்பிப் போட்டுக்கலாமுங்களா என்று மட்டும் கேட்டார். திரைகள் ஹாலைப் பார்த்துத் திரும்பின. அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கும் வேலையே எனக்கு இல்லை. வேவு பார்க்காமலே பார்த்துக்கொள்ள முடியும் என்பது அதுவரைக்கும் என் மண்டைக்கு எட்டியிருக்கவில்லை.

இப்போது கார்த்திகாவுக்கு வருகிறேன். பிள்ளையின் பேரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அப்பா அம்மா பேரையும்தான். எட்டாம் வகுப்பு. அப்பா ஆறுச்சாமிக்கு ரெண்டேக்கர் மாந்தோப்பு, வீடும் தோப்புக்குள்ளேயே. அங்கே போனில் சிக்னல் வரும், போகும். ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்க எங்களிடம் வருவாள். சனிக்கிழமை பத்து முதல் பதினொன்று, மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். பத்து என்றால் பத்துக்கு வருவாள். அந்தப் பரீட்சையில் தேறினால் பிளஸ் டூ வரைக்கும் அவள் படிப்பை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். நிறுத்துவதைப் பற்றி வீட்டில் அவ்வப்போது பேச்சு வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, நான் வண்டியில் வாயனசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற கார்த்திகா கையை நீட்டி நிறுத்தினாள். "மாஷே, திங்கக்கிழமை நமக்கு லீவுதானுங்களே? அப்பறம் எதுக்குங்க என்னைய வரச் சொன்னீங்க?" என்றாள்.

நான் யாரையும் வரச் சொல்லவில்லை. எவன் சொன்னான் என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன். பிள்ளை முகம் சுருங்கிப் போயிற்று. ஒன்றுமில்லை என்று பின்வாங்கப் பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தேவகியக்காவிடம் போகலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

அக்கா அன்றைக்குக் கேட்ட விதத்தை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். முதலில் தண்ணீர் கொடுத்தார். எதிரே உட்காராமல் பிள்ளைக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்தார். வா அம்மிணி, நீ நேரில் வந்து கேட்டாய் பார், அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தொடங்கினார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்த ஒரே கேள்வி 'அப்பறம்?' என்பதுதான். ஒரு தடவைகூட 'ஏன்' என்று கேட்கவில்லை. பிற்பாடு காரணம் சொன்னார். ஏன் என்று கேட்டால் குழந்தை நடந்ததைச் சொல்லாது, சமாதானம் சொல்லும்.

நடந்தது இதுதான். பத்து நாளாக அவள் அம்மாவின் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒருத்தன் எழுதிக்கொண்டிருந்தான். அம்மா பகலெல்லாம் தோப்பில் இருப்பார், போன் வீட்டில் இருக்கும். லைப்ரரியிலிருந்து பேசுகிறேன், மாஷ் சொல்லச் சொன்னார் என்று தொடங்கியிருக்கிறான். ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குப் புது மாதிரித்தாள் வந்திருக்கிறது, ரெண்டு பேருக்குத்தான் தருகிறோம், வெளியே சொன்னால் மற்ற பிள்ளைகள் கேட்பார்கள், வீட்டிலும் சொல்ல வேண்டாம். படிவத்துக்குப் போட்டோ வேண்டும் என்றிருக்கிறான். யூனிபார்மில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். பிறகு வேறு மாதிரிப் படம் கேட்டிருக்கிறான். அதை அனுப்பவில்லை. கடைசியாக, திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பின்வாசலுக்கு வந்து தாளை வாங்கிக்கொள் என்றிருக்கிறான். திங்கட்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. கட்டடத்துக்குப் பின்னால் முள்காடு.

அக்கா பதறவில்லை. பிள்ளை சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதினார். எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். அம்மாவைப் போனோடு வரச் சொன்னார். அந்தச் செய்திகளை அழிக்கவும் விடவில்லை, தன் போனுக்கு அனுப்பிக்கொள்ளவும் இல்லை. இதெல்லாம் போலீஸ் பார்க்க வேண்டியது, நம் கை படக்கூடாது என்றார். குழந்தைகள் உதவி மையத்துக்கும் ஸ்டேஷனுக்கும் அவரே பேசினார். ஒரு மணி நேரத்தில் யூனிபார்ம் போடாத ஒரு பெண் அதிகாரி வந்தார். காதும் காதும் வைத்தாற்போல எல்லாம் நடந்தது. பேப்பர் படிக்க வந்தவர்களுக்குக்கூட ஒன்றும் தெரியாது.

ஆனால் அந்தச் செய்தியில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. 'உன் சனிக்கிழமை பத்து டு பதினொண்ணு, மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்' என்று எழுதியிருந்தான். அது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

மறுநாள் காலையில் அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். என்னை என் நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதிவேடு எப்போதும்போல என் முன்னால் திறந்து கிடந்தது, பேனா நூலில் தொங்கியது. அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் போனார். பேப்பர் வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில், ஒரு கை தூரத்தில் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தலையைக்கூடக் குனியவில்லை. தலைகீழாகத் தெரிந்த பக்கத்தைக் கடகடவென்று படிக்க ஆரம்பித்தார். பேர். வகுப்பு. வீட்டுப் பேர். பத்து இலக்கமும் பிசகாமல் போன் நம்பர். கிழமை, மணி. ஒரு பிள்ளை, ரெண்டு பிள்ளை, மூன்றாவது கார்த்திகா.

"போதுமுங்கக்கா" என்றேன். அவர் நிறுத்தினார். முப்பது வருஷம் கௌண்டருக்கு உள்ளேயிருந்து விலாசத்தைத் தலைகீழாகப் படித்த பழக்கம் தனக்கு என்றார். ஆனால் இதைப் படிக்க அந்தப் பழக்கம் தேவையில்லை, அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றும் சொன்னார். குத்திக் காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

"தபால் கார்டு மாதிரிங்க மாஷே. நாம ஒருத்தருக்குத்தான் எழுதறோம், போற வழியில அத்தனை பேரும் படிப்பாங்க" என்றார்.

வெளிச்சம் இல்லாத மூலையிலும் படிக்க முடிகிற என் கையெழுத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக வெறுத்தேன். பெட்டிக்குள்ளிருந்து பேய் வரும் என்று பூட்டுப் போட்டேன், கோடு போட்டேன், காவல் இருந்தேன். கடைசியில் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வழி சொல்லிக் கொடுத்தது பெட்டி இல்லை. நான்தான். சிவப்புக் கோடு போட்டு, அழகாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பின்வாசலில் ஆளைப் பிடித்தார்கள். மாங்காய் சீசனுக்கு வந்து ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தவன். தினமும் பேப்பர் படிக்க வருவான், எனக்கு வணக்கம் சொல்வான், கௌண்டரில் நின்று மழையைப் பற்றிப் பேசுவான். நல்ல மனுஷன் என்று நான் ரெண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். வழக்கு தனியாக நடந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆளைப் பிடித்தாயிற்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கலாம். ஆகவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே ஆறுச்சாமி மகளிடம் இனி வாயனசாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடமும் இந்த வருஷத்தோடு போதும், பொள்ளாச்சியில் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று பேச்சு. போட்டோ அனுப்பியவள் அவள்தானே என்பது அவர் வாதம். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. விஷயம் தெரிந்து எல்லாரும் பதறிப்போய் வந்திருந்தார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை, எல்லாருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் இனிமேல் வீட்டுப் பெரியவர் துணையோடு வந்தால்தான் கம்ப்யூட்டர் என்று தீர்மானம் போடலாம் என்றார் ஒருவர். தோப்பு வேலையை விட்டுவிட்டு எந்தப் பெரியவர் வருவார்? கம்ப்யூட்டரையே கொஞ்ச நாள் மூடலாம் என்றார் இன்னொருவர். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். நோட்டு விஷயம் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தத் தீர்மானம் போட்டுவிட்டால் நோட்டைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள் என்று மனசின் ஓரத்தில் ஒரு நப்பாசை. ஆமாம், இருந்தது. இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

அக்கா எல்லாரையும் பேசவிட்டார். கடைசியில், "மறைக்க வேண்டியது புள்ளைங்களை இல்லீங்க, நோட்டைங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது என்று எழுதினால் அது பொய்.

அன்று சாயங்காலம் அக்காவும் நானும் ஆறுச்சாமி வீட்டுக்குப் போனோம். தோப்பில் மருந்தடித்த வாடை. ஆறுச்சாமி வாங்க என்றார். அம்மா மல்லிகா மோர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். கார்த்திகா உள் அறையில். அக்கா பேச ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மோரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தார். இது நான் பேச வேண்டிய இடம் என்று அப்புறம்தான் புரிந்தது.

"ஆறுச்சாமி, உங்க புள்ளை மேல ஒரு தப்பும் இல்லீங்க. உங்க ஊட்டு நம்பரு, அவ வர்ற நேரம், எல்லாத்தையும் நாந்தான் எழுதி, எல்லாரும் படிக்கிற மாதிரி மேசை மேல போட்டு வெச்சேன். அவன் அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கான். அவ எம்பேரை நம்பித்தான் போட்டோ அனுப்பியிருக்கா. மாஷ் சொன்னாருன்னு நினைச்சு" என்றேன்.

ஆறுச்சாமி என் சட்டையைப் பிடித்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகாதான் பேசினார். "அப்ப எம்புள்ளை ஒண்ணும் பண்ணலீங்களா மாஷே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஆறு நாளாக அந்தம்மா யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்திருக்கிறார். ஒண்ணும் பண்ணலீங்க என்றேன்.

அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். வீட்டில் சொல்லாதே என்று அவன் அத்தனை தடவை சொல்லியும், ஒரு பெரிய மனுஷரை ரோட்டில் நிறுத்தி நேருக்கு நேராகக் கேட்ட பிள்ளை இவள், நம் ஊரில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும் என்று ஆறுச்சாமியைக் கேட்டார். அவள் கேட்கவில்லை என்றால் திங்கட்கிழமை என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள் அறையில் கார்த்திகா அழுகிற சத்தம் கேட்டது. மல்லிகா உள்ளே போனார்.

ஆறுச்சாமி வாசல்வரை வந்தார். நான் வண்டியை எடுக்கும்போது, "சனிக்கிழமை நானே கொண்டாந்து உடறனுங்க" என்றார்.

அந்த நாலு நாளில் அக்கா எல்லாவற்றையும் மாற்றினார். பேரும் நம்பரும் உள்ள பதிவேடு பீரோவுக்குள் போனது, சாவி ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். மேசையில் இருக்கிற நோட்டில் பிள்ளைக்கு ஒரு எண் மட்டும். என் மேசையையும் கௌண்டரிலிருந்து ரெண்டடி உள்ளே தள்ளினோம். நாலு கம்ப்யூட்டரிலும் ஒரு அட்டை ஒட்ட வேண்டும், என்ன எழுதலாம் என்று கேட்டார். நான் நீளமாக ஏதோ எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பத்துக்கு ஆறுச்சாமியின் வண்டி வந்து நின்றது. கார்த்திகா தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தாள். மூன்றாம் நம்பர் காலியாக இருந்தது. அக்கா அவளிடம் வெள்ளை அட்டையையும் ஸ்கெட்ச் பேனாவையும் கொடுத்து, மற்ற பிள்ளைகளுக்கு நீ என்ன சொல்லுவாய், எழுது என்றார். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: 'லைப்ரரியில இருந்து யாரும் போன் பண்ண மாட்டாங்க. பண்ணினா நேர்ல வந்து கேளுங்க.' மலையாளத்திலும் கீழே எழுதினாள். பிரியா, நீ தினமும் துடைக்கிற அந்த அட்டை அவள் எழுதியதுதான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் திருத்தவில்லை.

அவள் பரீட்சையில் தேறினாள். இப்போது பாலக்காட்டில் காலேஜில் படிக்கிறாள்.

இனி ஒன்றே ஒன்று. அடுத்த மாதக் கூட்டத்தில் போன கூட்டத்தின் மினிட்ஸை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். செக்ரட்டரிதான் எழுதுவார். அக்கா எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்: 'பிள்ளைகளின் விவரங்களைப் பொதுமக்கள் பார்வையில் வைத்தது வாயனசாலையின் தவறு. திருத்தப்பட்டது.' கீழே முதல் கையெழுத்து அவருடையது. அந்தப் பதிவேட்டை அவர் கண்ணால் பார்த்தே சில மாதம்தான் ஆகியிருந்தது, தொடங்கியது நான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். இது சரியில்லையக்கா, லைப்ரேரியன் இன்னார் என்று என் பேரை எழுதுங்கள், செய்தவன் பேர் அதில் இருக்கட்டும் என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். நெம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். மினிட்ஸ் நோட்டை மூடிப் பீரோவுக்குள் வைத்துச் சாவியைத் திருகினார்.

"பேரை எழுதி வெக்கிற பழக்கம் உங்களுக்கு இன்னும் போகலீங்களா மாஷே?" என்றார்.